பொதிகையை எங்களுக்குத் திருப்பித் தாருங்கள்: பிரசார் பாரதிக்கு ஒரு திறந்த மடல்

தூர்தர்ஷனையும் வானொலியையும் நடத்தும் பிரசார் பாரதி நிறுவனத்தாருக்கும், சென்னை சுவாமி சிவானந்தா சாலையில் இருக்கும் தொலைக்காட்சி நிலையத்தாருக்கும் வணக்கம்.

உங்களுக்குக் கடிதம் எழுதுவது எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. 'எதிரொலி' என்று நீங்கள் ஒரு நிகழ்ச்சி நடத்திய காலத்தில், அப்பா 15 பைசா அஞ்சலட்டைகளை மொத்தமாக வாங்கி அலமாரியில் வைத்திருப்பார். 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியில் சொன்ன உர அளவை இன்னொரு முறை சொல்ல வேண்டும், செய்தியில் எங்கள் பக்கத்து ஊர்ப் பெயரைச் சரியாக உச்சரித்தார்கள், நன்றி. இப்படி நாலைந்து வரிதான் இருக்கும். அவர் எழுதியது வாசிக்கப்படுகிறதோ இல்லையோ, நிகழ்ச்சி தொடங்கினால் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். எங்கோ ஓர் ஊரில் இருந்து யாரோ எழுதிய கடிதத்தை வாசித்து, நிலையத்தைச் சேர்ந்த ஒருவர் அதற்குப் பொறுப்பாகப் பதில் சொல்வதைப் பார்ப்பதே அவருக்குப் பெருமையாக இருந்தது.

அந்த அட்டைகளின் தொடர்ச்சியாகத்தான் இதை எழுதுகிறேன். கேட்க வந்தது ஒன்றே ஒன்று. 2024 ஜனவரி 19 அன்று உங்கள் தமிழ் அலைவரிசையிலிருந்து நீங்கள் எடுத்துவிட்ட 'பொதிகை' என்ற பெயரை எங்களுக்குத் திருப்பித் தர வேண்டும்.

அன்றைக்குச் சென்னை நேரு விளையாட்டரங்கில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளின் தொடக்க விழா. அந்த மேடையில் இருந்தபடியே பிரதமர், சுமார் 250 கோடி ரூபாய் மதிப்புள்ள ஒலி, ஒளிபரப்புத் திட்டங்களைத் தொடங்கியும் அடிக்கல் நாட்டியும் வைத்தார். அதில் ஒன்றாக, டிடி பொதிகை புதுப்பொலிவு பெற்று டிடி தமிழ் ஆனது. புதுப்பொலிவு வந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். தனியார் சேனல்கள் பளபளக்கும் காலத்தில் நம் நிலையமும் நன்றாக உடுத்திக்கொண்டு வர வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் நாங்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் வாசலில் இருந்த பெயர்ப்பலகையையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு போனதுதான் மனசுக்கு ஒப்பவில்லை.

பெயர் மாறுவது உங்கள் நிலையத்துக்குப் பழகிப்போன விஷயம் என்று சொல்வீர்கள். உண்மைதான். 1975 ஆகஸ்டில் மெட்ராஸில் தொலைக்காட்சி தொடங்கியபோது அது வானொலியின் ஒரு பிரிவு. 1976 ஏப்ரல் 1 அன்று வானொலியில் இருந்து பிரிந்து தூர்தர்ஷன் ஆனது. பிறகு இரண்டாவதாக ஓர் அலைவரிசை வந்ததும் முதல் அலைவரிசை, இரண்டாம் அலைவரிசை என்றோம். இரண்டாவது மெட்ரோ ஆனது. 2003 நவம்பரில் மெட்ரோ இருந்த இடத்துக்கு டிடி நியூஸ் வந்தது. செயற்கைக்கோள் வழியாகத் தமிழுக்கென்று 1993-இல் நீங்கள் கொடுத்த அலைவரிசையின் பெயர் டிடி 5. கூரையில் வைக்கும் வட்டத் தட்டுகூட 2004-இல் டிடி டைரக்ட் ப்ளஸ் என்று வந்து, பின்னாளில் டிடி ஃப்ரீ டிஷ் என்று மாறிவிட்டது.

இந்த மாற்றங்கள் எதற்கும் நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதத் தோன்றவும் இல்லை. டிடி 5 என்பது கோப்புக்கு இடும் எண் போல. மெட்ரோ என்பது பெருநகரத்தில் இருப்பவர்களுக்கு வைத்த பெயர். அவை வந்தபோது நாங்கள் வரவேற்கவும் இல்லை, போனபோது தேடவும் இல்லை. எங்கள் தெருவில் எல்லாமே 'மெட்ராஸ் டிவி'தான்.

2000-ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு வந்த 'பொதிகை' என்ற பெயர் அப்படிப்பட்டதல்ல. அது ஏன் என்று சொல்ல நான் எங்கே வளர்ந்தேன் என்று சொல்ல வேண்டும்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வாசல் கதவைத் திறந்தால் மேற்கே மலை. அம்மா வானிலை அறிக்கை கேட்டதே கிடையாது. காலையில் கோலப்பொடிக் கிண்ணத்தைக் கையில் வைத்தபடி ஒருமுறை மலையைப் பார்ப்பாள். 'பொதிகைல மூட்டம் போட்டிருக்கு, வத்தலை எடுத்து உள்ள வைட்டீ' என்றால் அன்று மதியத்துக்குள் தூறல் விழும். தாமிரபரணி அந்த மலையில்தான் பிறக்கிறது. எங்கள் வயலுக்கும் குடத்துக்கும் அங்கிருந்துதான் தண்ணீர். அகத்தியர் இருந்த இடம், தமிழ் பிறந்த இடம் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அதெல்லாம் புராணமா வரலாறா என்று அந்த வயதில் யார் கேட்டார்கள்? மலை எதிரே நின்றது, அதுவே போதுமாக இருந்தது.

எண்பதுகளில் எங்கள் பக்கத்துக்குச் சென்னை ஒளிபரப்பு எட்டாது. ஆண்டெனாவில் பூஸ்டர் போட்டுக் கிழக்கே திருப்பினால் இலங்கையின் ரூபவாஹினிதான் கிடைக்கும். அண்ணன் மொட்டை மாடியில் குழாயைப் பிடித்துக்கொண்டு 'இப்பத் தெரியுதா?' என்று கத்துவான். கீழே ஜன்னலில் தலையை நீட்டி நான், 'கொஞ்சம் அந்தால திருப்பு... ஆங், வந்துட்டு... போச்சு, போச்சு' என்று பதில் கத்துவேன். திரையில் சிங்களச் செய்தி ஓடும். ஒரு சொல் புரியாது. ஆனாலும் புள்ளிகளுக்கு நடுவே ஒரு முகம் தெளிந்து வந்தால் தெருவே சந்தோஷப்படும். அப்புறம் கொடைக்கானலில் சக்தி வாய்ந்த ஒளிபரப்பு நிலையம் வந்தது. எல்லா வீட்டுக் குழாய்களும் வடக்கே திரும்பின. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரத்துக்கு முன்னால் இரவுச் சமையலை முடித்துவிட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். முதல்முறையாகத் தமிழில் பேசும் டிவியை எங்கள் ஊர் அப்போதுதான் பார்த்தது.

அப்போதும் அது தூரத்து டிவிதான். மெட்ராஸில் இருப்பவர்கள் பேசினார்கள், நாங்கள் கேட்டோம். அந்தத் திரையில் ஒருநாள் 'பொதிகை' என்று எழுத்து வந்தது. அம்மா அடுப்படியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்று பார்த்தாள். 'நம்ம மலை பேரையா வச்சிருக்காங்க?' என்று இரண்டு முறை கேட்டாள். தலைநகரத்தில் இருக்கும் ஒரு நிலையம், மாநிலத்தின் கடைக்கோடியில் இருக்கும் ஒரு மலையைத் தேடிப் பிடித்துத் தன் பெயராக வைத்துக்கொண்டது என்பதை அவளால் நம்ப முடியவில்லை. அந்தப் பெயரை யார் யோசித்தார்களோ, அவர்களுக்கு இப்போதும் நன்றி சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் மாவட்டத்துக்கு மட்டும் உரிய பாசம் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். பழம்பாடல்களில் 'பொதியில்' என்று வருவது இந்த மலைதான். தென்றல் என்றாலே பொதிகையோடு சேர்த்துத்தான் தமிழில் சொல்லி வந்திருக்கிறோம். சென்னையிலிருந்து செங்கோட்டைக்கு ஓடும் ரயிலுக்கும் அந்தப் பெயர்தான். கன்னியாகுமரியில் இருப்பவரும் கும்மிடிப்பூண்டியில் இருப்பவரும் விளக்கம் கேட்காமல் புரிந்துகொள்ளும் ஒரு சொல். மொழி, மலை, ஆறு, காற்று என்று இத்தனையும் ஒரே சொல்லில் வைத்துத் தரும் இன்னொரு பெயரை நான் யோசித்துப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

இப்போது உங்கள் நிறுவனத்தின் மற்ற அலைவரிசைகளைப் பாருங்கள். மராத்தியில் சஹ்யாத்ரி. குஜராத்தியில் கிர்நார். ஆந்திரத்தில் சப்தகிரி. தெலங்கானாவில் யாதகிரி. எல்லாமே மலைகள். அந்தந்த மக்கள் நிமிர்ந்து பார்க்கும் மலையின் பெயரையே அவர்களது அலைவரிசைக்கு வைத்திருக்கிறீர்கள். கன்னடத்தில் சந்தனா, அதுவும் அந்த மண்ணின் மணம்தான். இந்த மலைகளின் வரிசையில் பொதிகையும் தோளோடு தோள் நின்றது. சஹ்யாத்ரி என்றால் மேற்குத் தொடர்ச்சி மலை. பொதிகை அதே தொடரின் தென்கோடி. ஒரே மலைத்தொடரின் வடக்குப் பகுதி மும்பையில் பெயராக நிற்க, தெற்குப் பகுதியைச் சென்னையில் இறக்கிவிட்டீர்கள். யாதகிரியையும் சப்தகிரியையும் மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவை என்றைக்கும் அப்படியே இருக்கட்டும். எங்கள் மலையை மட்டும் ஏன் எடுத்தீர்கள் என்பதுதான் கேள்வி.

தமிழ் என்ற பெயரில் என்ன குறை என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். டிடி மலையாளம், டிடி பங்களா, டிடி ஒடியா இருக்கின்றனவே, இதுவும் அப்படித்தானே என்றும் சொல்லலாம். தமிழ் என்ற சொல்லில் எனக்கு என்ன குறை இருக்க முடியும்? பெயர் இல்லாத இடத்தில் மொழியைப் பெயராக வைத்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. 24 ஆண்டு வாயில் புழங்கிய ஒரு பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மொழியை வைக்கும்போது, மொழி வெறும் அடையாளச் சீட்டாகிவிடுகிறது.

கேபிள் பெட்டியில் சேனல் பட்டியலை ஒருமுறை கீழே ஓட்டிப் பாருங்கள். ஜீ தமிழ், கலர்ஸ் தமிழ் என்று வந்துகொண்டே இருக்கும். பல மொழிகளில் சேனல் நடத்தும் நிறுவனங்கள் தமிழுக்கென்று ஒன்று தொடங்கும்போது அப்படிப் பெயர் வைப்பது இயல்பு, அதில் தவறு ஒன்றும் இல்லை. முன்னால் நிறுவனத்தின் பெயர், பின்னால் கிளையின் பெயர். ஆனால் சென்னை நிலையம் அப்படி நேற்று திறந்த கிளையா? தமிழ்நாட்டில் தொலைக்காட்சி என்ற ஒன்றே அங்கிருந்துதான் தொடங்கியது. இத்தனை பேருக்கும் மூத்த வீடு இப்போது பட்டியலில் தம்பி தங்கைகளின் நடுவே அடையாளம் தெரியாமல் நிற்கிறது.

வியாபாரத்துக்காகவே நடத்துகிறவர்களைக் கவனியுங்கள். 2001-இல் ஸ்டார் நிறுவனம் விஜய் டிவியை வாங்கியது. பணம் கொடுத்து வாங்கியவர்கள், நினைத்திருந்தால் அந்தப் பெயரை அழித்துவிட்டுத் தங்கள் பெயரை மட்டும் வைத்திருக்கலாம். ஸ்டார் விஜய் என்றுதான் வைத்தார்கள். ஜனங்கள் நாவில் ஏறிய பெயர் விலைக்குக் கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. லாபக் கணக்கு பார்க்கத் தேவையில்லாத பொது நிறுவனம் நீங்கள். எங்கள் வரிப்பணத்தில் நடப்பது. உங்களிடம் அதைவிடக் கூடுதலான கனிவை எதிர்பார்ப்பது அதிகமில்லை என்று நினைக்கிறேன்.

உங்களுக்கும் அது தெரியாததல்ல. தூர்தர்ஷனின் கண் சின்னத்தை நீங்கள் காப்பாற்றிய விதமே சாட்சி. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாணவராக இருந்த தேவாஷிஸ் பட்டாச்சார்யா வரைந்தது அது. இருட்டில் இரண்டு வளைவுகள் சுற்றிச் சுற்றி வந்து நடுவில் இருக்கும் உருண்டையை அணைத்துக்கொண்டு நிற்க, பின்னால் ரவிசங்கர் அமைத்த இசை இழைந்து வரும். அது முடியும்வரை எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டோம். என் தம்பி அந்தச் சின்னத்தைக் கரித்துண்டால் மாட்டுக்கொட்டகைச் சுவரில் வரைந்து வைத்திருந்தான். இரண்டு வளைவு, ஒரு உருண்டை, குழந்தைக் கைக்கும் வந்துவிடும். சுவர் இடியும்வரை அது இருந்தது.

2017-இல் அந்தச் சின்னத்தை மாற்றலாமா என்று நீங்கள் யோசித்தபோது என்ன செய்தீர்கள்? மக்களிடம் கேட்டீர்கள். ஒரு லட்ச ரூபாய் பரிசு அறிவித்துப் போட்டி வைத்தீர்கள். நாடு முழுவதும் இருந்து ஆயிரக்கணக்கானோர் வரைந்து அனுப்பினார்கள். கடைசியில் பழைய கண் போகவில்லை. இன்றும் உங்கள் அலைவரிசைகளில் அந்தக் கண்தான் எங்களைப் பார்க்கிறது. சின்னத்துக்குக் கேட்ட அந்த ஒரு கேள்வியை, எங்கள் பெயருக்கும் எங்களிடம் கேட்டிருக்கலாம். பொதிகை என்பதை மாற்றலாமா, மாற்றினால் என்ன வைக்கலாம் என்று ஒருவார காலம் செய்திக்கு முன்னால் திரையில் ஓடவிட்டிருந்தால் போதும். அப்பா இருந்திருந்தால் முதல் அட்டை அவருடையதாக இருந்திருக்கும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஏப்ரலில் டிடி நியூஸின் சின்னம் சிவப்பில் இருந்து காவிக்கு மாறியபோது, தேர்தல் நேரத்தில் இது ஏன் என்று தமிழ்நாட்டில் இருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. முதலமைச்சரும் கண்டித்தார். பொது நிறுவனத்தின் பெயரும் நிறமும் எந்தக் கட்சிக்காரரும் உரிமை கொண்டாடவோ சந்தேகப்படவோ இடம் தராததாக இருக்க வேண்டும். மலையின் பெயரில் அந்தச் சிக்கல் இல்லை. ஆட்சிகள் மாறும்போதும் பொதிகை யாருக்கும் சொந்தமில்லாமல், எல்லாருக்கும் பொதுவாக இருந்தது.

தமிழையே பெயராகத் தாங்குவதில் இன்னொரு பாரமும் இருக்கிறது. 2024 அக்டோபரில் உங்கள் நிலையத்தில் நடந்த விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்தின் ஒரு வரி விடுபட்டது. கவனக்குறைவு என்று மன்னிப்புக் கேட்டீர்கள். அந்தத் தவறை நான் மறுபடி கிளறவில்லை. ஆனால் அன்றைக்கு என் மனதில் எழுந்த முதல் கேள்வி, 'பெயரிலேயே தமிழை வைத்துக்கொண்டு இப்படியா' என்பதுதான். இனி எங்கே ஒரு எழுத்துப்பிழை திரையில் வந்தாலும் அது உங்கள் பெயரோடு சேர்த்தே பேசப்படும்.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். பொதிகை வந்தது ஒரு பொங்கலுக்கு. வரும் பொங்கலுக்கே அதைத் திரும்பக் கொடுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் தேடும்போது எளிதில் கிடைக்க வேண்டும் என்பது உங்கள் எண்ணமானால், பொதிகை என்று பெரிதாகப் போட்டு அதன் கீழே தமிழ் என்று சிறிதாக எழுதுங்கள். இரண்டும் சேர்ந்து நிற்பதில் எங்களுக்கும் சந்தோஷம். அரங்கை உடைக்க வேண்டாம், நிகழ்ச்சியை மாற்ற வேண்டாம். அவசரப்பட்டு ஒரே உத்தரவில் செய்யவும் வேண்டாம். முதலில் நேயர்களைக் கேளுங்கள். 'எதிரொலி'யை நான்கு வாரம் மட்டும் மறுபடி நடத்தி, வருகிற கடிதங்களை வாசித்து, உங்கள் தரப்பையும் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் டிடி தமிழ் போதும் என்றால் நான் அதை ஏற்றுக்கொள்வேன்.

பெயரை முழுவதுமாகத் திருப்புவதற்கு விதிகள் இடம் தராவிட்டால், ஒன்றையாவது செய்யுங்கள். அரை நூற்றாண்டாக அந்த நிலையம் பதிவு செய்த கச்சேரிகள், நாடகங்கள், நேர்காணல்கள் உங்களிடம் இருக்கின்றன. அந்தக் களஞ்சியத்துக்குப் பொதிகை என்று பெயர் வையுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஒளிபரப்பான தேதியையும், அன்று அலைவரிசைக்கு இருந்த பெயரையும் எழுதி வையுங்கள். மூலையில் பழைய சின்னம் தெரிந்தால் அதன்மேல் புதியதை ஒட்டாமல் அப்படியே விடுங்கள். மெட்ராஸ் என்று தொடங்கி இன்றுவரை வந்த வழியை எங்கள் பேரப்பிள்ளைகள் அந்த மூலைகளைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள்.

அம்மாவுக்கு இப்போது 78 வயது. இன்றும் மாலையானால் 'பொதிகையைப் போடு' என்றுதான் சொல்கிறாள். நானும் என் மகளும் அந்தப் பெயரைக் கேட்டுத்தான் உங்கள் அலைவரிசையை வைக்கிறோம். இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் அவளுக்கு முழுசாக வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். கடைசியில், 'மரியாதையாத்தான எழுதியிருக்க?' என்று கேட்டாள். ஆமாம் என்றேன். 'அப்போ அனுப்பு. அவங்க பதில் வர்ற வரைக்கும் நான் பொதிகைன்னுதான் சொல்லுவேன், அதையும் எழுதிரு' என்றாள். எழுதிவிட்டேன்.

அன்புடன்,
தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு நேயர்